அச்சிட்ட வீடியோ கேம் வழிகாட்டி நூல்களை இன்னும் வாங்கலாமா?

2018 நவம்பரில் பிரைமா கேம்ஸ் தன் நூல் வெளியீட்டை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவில் வீடியோ கேம் வழிகாட்டி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வந்த பதிப்பகம் அது. அடுத்த ஆண்டு அந்தப் பணி முடிவுக்கு வந்தபோது, இந்த வகை நூல்களின் காலமே முடிந்துவிட்டது என்று பலரும் கருதினார்கள். ஆனால் 2022இல் எல்டன் ரிங் விளையாட்டுக்கு இரண்டு கனத்த தொகுதிகள் வந்தன. 2023இல் ஜெல்டா வரிசையின் டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் விளையாட்டுக்கு முழு நீள வழிகாட்டி வந்தது. இரண்டுமே வண்ண அச்சில் வந்த பெரிய நூல்கள், விலையும் குறைவில்லை.

இதைப் பார்க்கும் வாசகருக்குக் குழப்பம் வருவது இயல்பு. எல்லா விடைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது இந்த நூல்களை யார் வாங்குகிறார்கள்? நாமும் வாங்கலாமா? காகிதமா திரையா என்று விவாதித்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. குறிப்பிட்ட விளையாட்டு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதா, அல்லது ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்டதா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த நூல்கள் எதற்காகத் தோன்றின என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வழிகாட்டி நூலில் என்ன இருக்கும்?

பொதுவாக நான்கு வகைச் செய்திகள் இருக்கும்.

1. தொடக்கம் முதல் முடிவு வரை விளையாட்டைக் கடந்து செல்லும் வழியைப் படிப்படியாகச் சொல்லும் பகுதி.
2. ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் உரிய வரைபடங்கள். புதையல், எதிரி, மறைவழி என அனைத்தும் அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும்.
3. தரவு அட்டவணைகள். ஆயுதத்தின் வலிமை, எதிரியின் உயிர்ப்புள்ளி, ஒரு பொருள் கிடைப்பதற்கான வாய்ப்பு விகிதம் போன்ற எண்கள் இங்கே வரும்.
4. சேகரிக்க வேண்டியவற்றின் முழுப் பட்டியல், மறைந்திருக்கும் கிளைக் கதைகள், ஓவியங்கள்.

'அதிகாரபூர்வ வழிகாட்டி' என்று அட்டையில் போட்டிருந்தால், விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்திடம் உரிமம் பெற்று எழுதப்பட்டது என்று பொருள். அந்த உரிமத்தோடு, வெளியார் காண முடியாத உள் தரவுகளும் எழுதுபவருக்குக் கிடைக்கக்கூடும். உரிமம் இல்லாமல் எழுதப்படும் நூல்களும் உண்டு. அவற்றில் நல்லவையும் உண்டு, ஏமாற்று வேலைகளும் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

விடை கிடைக்காத காலம்

1980களில் ஒரு விளையாட்டில் மாட்டிக்கொண்டால், அதை ஏற்கெனவே முடித்த நண்பர் இருந்தால்தான் தப்பிக்கலாம். விளையாட்டுகளும் அப்படியே கட்டப்பட்டிருந்தன. எந்தச் சுவரைத் தட்டினால் திறக்கும், எந்தப் புதரை எரித்தால் குகை தெரியும் என்பதற்குத் திரையில் எந்தக் குறிப்பும் இருக்காது. நினைவகம் குறைவு என்பதால் விளையாட்டுக்குள் விளக்கம் வைக்கவும் இடமில்லை. சிறிய விளையாட்டை நீண்ட நாள் விளையாட வைக்க, கடினத்தையும் மர்மத்தையும் கூட்டுவதே எளிய வழியாக இருந்தது.

அந்த வெற்றிடத்தில்தான் இந்த நூல்கள் பிறந்தன. சொற்களாலேயே ஆன சாகச விளையாட்டுகளை உருவாக்கிய இன்ஃபோகாம் நிறுவனம், இன்விசிக்ளூஸ் என்ற பெயரில் குறிப்பு நூல்களை விற்றது. கேள்வி மட்டும் கண்ணுக்குத் தெரியும். விடை கண்ணுக்குத் தெரியாத மையால் அச்சிடப்பட்டிருக்கும். கூடவே வரும் பேனாவால் தேய்த்தால் எழுத்து வெளிப்படும். ஒரு கேள்விக்குப் பல விடைகள் வரிசையாக இருக்கும். முதலாவது சிறு குறிப்புதான். கடைசி விடை முழுத் தீர்வு. எவ்வளவு உதவி வேண்டும் என்பதை விளையாடுபவரே முடிவு செய்யலாம். இன்றைய பெரும்பாலான இணையதளங்கள் இந்த மரியாதையை வாசகருக்குத் தருவதில்லை என்பது என் கருத்து.

ஜப்பானில் இது மிகப் பெரிய வணிகமாக வளர்ந்தது. டோகுமா ஷோடன் வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸ் வழிகாட்டி, 1985இல் அந்நாட்டில் அதிகம் விற்ற நூல்களின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நாவல்களையும் வாழ்க்கை வரலாறுகளையும் ஒரு விளையாட்டு வழிகாட்டி முந்தியது என்றால், அந்த விடைகளுக்கு மக்களிடம் எவ்வளவு பசி இருந்திருக்க வேண்டும்!

அமெரிக்காவில் நிண்டெண்டோ இரண்டு வழிகளில் அந்தப் பசிக்குத் தீனி போட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டில் இருந்த அதன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், விளையாட்டு ஆலோசகர்கள் விடை சொல்வார்கள். 1988இல் தொடங்கிய நிண்டெண்டோ பவர் இதழ் பக்கம் பக்கமாக வரைபடங்களை வெளியிட்டது. அந்த இதழ் 2012 டிசம்பர் வரை வந்தது. இதற்கிடையே பிரைமா 1990இலும் பிரேடிகேம்ஸ் 1993இலும் இந்தத் துறைக்கு வந்தன. கடையில் விளையாட்டை வாங்குபவரிடம் "வழிகாட்டியும் வேண்டுமா?" என்று கேட்டு விற்பது வழக்கமாகிவிட்டது.

1995இல் அமெரிக்காவில் வெளியான எர்த்பவுண்ட் விளையாட்டை நிண்டெண்டோ பெரிய பெட்டியில் வைத்து, வழிகாட்டி நூலையும் உடன் சேர்த்தே விற்றது. கற்பனை நாட்டின் சுற்றுலாக் கையேடு போல வடிவமைக்கப்பட்ட அந்த நூலில், ஒவ்வொரு ஊருக்கும் படங்களும் உள்ளூர்ச் செய்தித்தாள் துணுக்குகளும் இருந்தன. 2013இல் அதே விளையாட்டு வீ யூ கன்சோலில் மறுவெளியீடு கண்டபோது, நூலின் மின்வடிவத்தையும் நிண்டெண்டோ இலவசமாகத் தந்தது. நூல் இல்லாமல் அந்த விளையாட்டு முழுமை பெறாது என்பதை நிறுவனமே உணர்ந்திருக்கிறது.

தட்டுப்பாடு நீங்கியபோது

எர்த்பவுண்ட் வந்த அதே 1995இல், நவம்பர் மாதம், கேம்எஃப்ஏக்யூஸ் என்ற இணையதளம் தொடங்கப்பட்டது. ரசிகர்கள் எழுதி அனுப்பிய வழிகாட்டிகளை அது வெறும் எழுத்துக் கோப்புகளாகச் சேர்த்து வைத்தது. படம் கிடையாது, வண்ணம் கிடையாது. வரைபடத்தைக்கூடக் கோடுகளையும் புள்ளிகளையும் தட்டச்சு செய்து வரைந்திருப்பார்கள். ஆனால் அவற்றை எழுதியவர்கள் அந்த விளையாட்டைத் தலைகீழாக அறிந்தவர்கள். ஊதியமின்றி, நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு ஈடான எழுத்தை, பிழை திருத்தித் திருத்தி, பதிப்பு எண் போட்டுப் புதுப்பித்தார்கள். அச்சு நூலை முதலில் வென்றது இந்த உழைப்புதான்.

இணையத்தின் வரவை நூல் வெளியீட்டாளர்கள் எவ்வளவு தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு ஃபைனல் ஃபேன்டசி 9இன் வழிகாட்டி சான்று. 2000இல் பிரேடிகேம்ஸ் வெளியிட்ட அந்த நூலில், முக்கியமான இடங்களில் விடைக்குப் பதிலாக ஒரு குறிச்சொல் மட்டும் அச்சாகியிருந்தது. அதைக் கொண்டுபோய் பிளேஆன்லைன் இணையதளத்தில் உள்ளிட்டால்தான் மீதித் தகவல் தெரியும். பணம் கொடுத்து நூல் வாங்கியவர், அதைப் படிப்பதற்கே கணினியையும் இணைய இணைப்பையும் தேட வேண்டியிருந்தது. இன்று அந்தத் தளத்தில் அந்தப் பக்கங்கள் இல்லை. குறிச்சொற்கள் மட்டும் நூலில் எஞ்சியிருக்கின்றன. நூலின் மிகப் பெரிய பலம் அது எதையும் சார்ந்திருக்காமல் தன்னளவில் நிறைவாக இருப்பது. அந்த ஒன்றையே வெளியீட்டாளர் விட்டுக்கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு வந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை: 2005இல் யூடியூப், கூட்டாக எழுதும் விக்கிகள், கையில் திறன்பேசி. விளையாட்டுகளும் தாமே வழி சொல்லத் தொடங்கின. அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை அம்புக்குறி காட்டும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, சில விளையாட்டுகளுக்குத் திரையின் ஓரத்திலேயே உதவிக் காணொளி காட்டும் வசதியோடு வந்தது. 2013இல் பெங்குயின், ராண்டம் ஹவுஸ் ஆகிய பெரும் பதிப்பகங்கள் இணைந்தபோது, நெடுநாள் போட்டியாளர்களான பிரேடிகேம்ஸும் பிரைமாவும் ஒரே குடையின் கீழ் வந்தன. 2015இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளில் அதுவும் மூடப்பட்டது.

அச்சு நூலைத் தாக்கிய பெரிய அடி: பேட்ச்

இணையம் இலவசம் என்பதை மட்டுமே காரணமாகச் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி விளையாட்டுகளின் உள்ளே நிகழ்ந்தது. பேட்ச் என்பது, விளையாட்டு வெளியான பிறகு இணையம் வழியாக அனுப்பப்படும் திருத்தம். பிழைகளைச் சரிசெய்ய மட்டும் அது வருவதில்லை. ஆயுதங்களின் வலிமையை மாற்றும், புதிய பாத்திரங்களைச் சேர்க்கும், சில நேரங்களில் முழு அமைப்பையே மாற்றி எழுதும்.

ஓர் அதிகாரபூர்வ வழிகாட்டி பழைய முறையில் எப்படித் தயாரானது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும்.

1. பதிப்பகம் விளையாட்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து உரிமம் பெறும்.
2. எழுத்தாளர்களுக்கு வெளியீட்டுக்கு முன்பே முழுமையடையாத பதிப்பு தரப்படும். இரகசியம் காக்க, அந்த நிறுவனத்தின் அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுத வேண்டியும் வரும்.
3. எழுதிய பக்கங்கள் நிறுவனத்தின் ஒப்புதலுக்குப் போகும். கதையின் முடிவைச் சொல்லும் பக்கங்களை வெட்டச் சொல்லும் உரிமை அதற்கு உண்டு.
4. அச்சகம், கட்டுநர், சரக்கு வண்டி. விளையாட்டு விற்பனைக்கு வரும் நாளில் நூலும் கடையில் இருக்க வேண்டும் என்றால், வாரக்கணக்கில் முன்னதாகவே கோப்புகள் அச்சுக்குப் போயிருக்க வேண்டும்.

அந்த வாரங்களில் நிரலாளர்கள் சும்மா இருப்பதில்லை. ஆக, வெளியீட்டு நாளில் கடைக்கு வரும் நூல், வாசகர் விளையாடப்போகும் விளையாட்டைப் பற்றியதாகவே இருக்காது. அதற்குச் சில வாரங்கள் மூத்த வடிவத்தைப் பற்றியதாக இருக்கும். பேட்ச் இல்லாத காலத்திலும் இந்தப் பிழைகள் இருந்தன. பேட்ச் வந்த பிறகு அவை ஒவ்வொரு மாதமும் பெருகின.

எல்டன் ரிங் 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது. மூன்று வாரம் முடிவதற்குள், மார்ச் 17 அன்று, 1.03 பேட்ச் வந்தது. அதுவரை எல்லோரும் நம்பியிருந்த ஹோர்ஃப்ராஸ்ட் ஸ்டாம்ப் தாக்குதலின் வலிமை குறைக்கப்பட்டது. வீரருக்குத் துணை வரும் மிமிக் டியரின் வலிமையும் குறைக்கப்பட்டது. சில பாத்திரங்களின் கிளைக் கதைகளுக்குப் புதிய கட்டங்கள் சேர்க்கப்பட்டன. அவர்கள் இருக்கும் இடம் வரைபடத்தில் தெரியத் தொடங்கியது. பிப்ரவரி 25 அன்று ஒரு வழிகாட்டி கடைக்கு வந்திருந்தால், அதன் ஆயுத அத்தியாயமும் கதை அத்தியாயமும் மூன்று வாரத்தில் பிழையாகியிருக்கும்.

சைபர்பங்க் 2077 இன்னும் கடுமையான சான்று. 2020 டிசம்பரில் விளையாட்டோடு அதிகாரபூர்வ வழிகாட்டியும் வந்தது. நூலின் தரத்தில் குறையில்லை. ஆனால் 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்ச், திறன் வளர்ச்சி முறையையே கலைத்துப் புதிதாகக் கட்டியது. உடலில் பொருத்தும் கருவிகள் இயங்கும் விதமும் காவல்துறை துரத்தும் விதமும் மாறின. இன்று விளையாடுபவருக்கு அந்த நூலின் நகர வரைபடமும் கதைவழியும் உதவும். திறன்களைப் பற்றிய பக்கங்கள் தவறான வழி காட்டும். ஒரே நூலுக்குள் ஒரு பகுதி உயிரோடும் ஒரு பகுதி காலாவதியாகியும் இருப்பதுதான் இன்றைய வழிகாட்டிகளின் நிலை.

இதன் உச்சம் டெஸ்டினி 2. 2017இல் வெளியான அந்த விளையாட்டின் தொடக்கக் கதையான ரெட் வார், 2020 நவம்பரில் விளையாட்டிலிருந்தே நீக்கப்பட்டது. அந்தக் கதை நடந்த சில இடங்களும் நீக்கப்பட்டன. 2017இல் அச்சான வழிகாட்டி இப்போது, போக முடியாத ஊர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறது. பருவத்துக்குப் பருவம் மாறும் இத்தகைய விளையாட்டுகளுக்கு அச்சு நூல் வாங்குவது, போன ஆண்டின் ரயில் கால அட்டவணையை வைத்துக்கொண்டு நடைமேடையில் நிற்பதற்குச் சமம்.

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

இரண்டு பதிப்பகங்கள் இன்றும் குறிப்பிடத்தக்க வழிகாட்டிகளை வெளியிடுகின்றன. ஒன்று, ஜெல்டா நூல்களை வெளியிடும் பிக்கிபேக். மற்றொன்று, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஃபியூச்சர் பிரஸ். பிளட்போர்ன், செகிரோ, எல்டன் ரிங் நூல்கள் அதனுடையவை.

இவர்கள் செய்த முதல் மாற்றம், அவசரத்தை விட்டது. டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் 2023 மே 12 அன்று வந்தது. பிக்கிபேக்கின் நூல் ஜூனில் வந்தது. எல்டன் ரிங் தொகுதிகள் விளையாட்டு வெளியாகிப் பல மாதங்கள் கழித்தே வந்தன. முதல் நாள் வாங்குபவரை இவர்கள் இழந்தார்கள். ஆனால் விளையாட்டு ஓரளவு நிலைபெற்ற பிறகு எழுதியதால், நூல் நீண்ட நாள் செல்லுபடியாகிறது. பிரெத் ஆஃப் தி வைல்டுக்கு 2017இல் நூல் வெளியிட்ட பிக்கிபேக், கூடுதல் உள்ளடக்கங்கள் எல்லாம் வந்து முடிந்த பிறகு, 2018இல் விரிவாக்கப்பட்ட பதிப்பைக் கொண்டுவந்தது. இப்போது வாங்குபவர் அந்த இரண்டாவது பதிப்பைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது மாற்றம், எல்லா விளையாட்டுக்கும் நூல் போடும் பழக்கத்தைக் கைவிட்டது. பிரைமா ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியல் நீளமானது. விளையாட்டுத் தொடர்களின் சாதாரணத் தவணைகளுக்கும் நூல் இருக்கும். இன்று தேர்ந்தெடுக்கப்படுபவை பெரும்பாலும் பரந்த நிலப்பரப்பும் மர்மமும் கொண்ட, தனியாக விளையாடும் படைப்புகள். அவற்றின் ரசிகர்கள் விளையாட்டை முடித்த பிறகும் அதைப் பற்றிப் படிக்க விரும்புபவர்கள்.

ஜப்பானில் இந்த வழக்கம் விட்டுப்போகவே இல்லை. ஸ்கொயர் எனிக்ஸ் தன் ஃபைனல் ஃபேன்டசி விளையாட்டுகளுக்கு அல்டிமேனியா என்ற வரிசையில் நூல் வெளியிட்டு வருகிறது. 2020 ஏப்ரலில் ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக் வந்தபோதும் அதே மாதத்தில் அல்டிமேனியா வந்தது. வழிகாட்டல் அதில் ஒரு பகுதி மட்டுமே. படைப்பாளிகளின் நேர்காணல், காட்சிகள் உருவான விதம், பாத்திர வடிவமைப்பு ஆகியவையும் சேர்ந்து, ஒரு படைப்பின் முழு ஆவணமாக அது நிற்கிறது.

நூல் இன்னும் எதில் மேலானது?

இணையத்தில் விடை கிடைக்கிறது என்பதில் ஐயமில்லை. எப்படிப்பட்ட விடை, எத்தனை தொல்லைகளுக்கு நடுவில் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கதவை எப்படித் திறப்பது என்று தேடினால், பத்து வரி முன்னுரையும் மூன்று விளம்பரங்களும் கடந்த பிறகு விடை வரும். காணொளியில் பத்து நொடிச் செய்திக்குப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கதையின் பெரிய திருப்பம் காணொளியின் முகப்புப் படத்திலேயே அம்பலமாகிவிடும். தேடுபொறியின் தானியங்கிச் சுருக்கங்கள், ஒரு தொடரின் முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் கலந்து விடை சொல்லும் ஆபத்தும் இப்போது சேர்ந்திருக்கிறது.

இந்தத் தொல்லைகளைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இணையம், கேட்ட கேள்விக்குத்தான் விடை தரும். என்ன கேட்பது என்றே தெரியாத இடத்தில் அது உதவாது. பிரெத் ஆஃப் தி வைல்டில் 120 கோயில்களும் 900 கோரோக் விதைகளும் இருக்கின்றன. ஒரு மலைத்தொடரின் வரைபடத்தை இரண்டு பக்கங்களில் விரித்துப் பார்க்கும்போது, நாம் கடந்து வந்த பள்ளத்தாக்கில் எதைக் காணாமல் விட்டோம் என்பது தேடாமலேயே கண்ணில் படும். ஒரு நிலத்தை ஒரே பார்வையில் உள்வாங்கச் செய்வதில் பெரிய காகித வரைபடத்துக்குச் சமமாகச் சிறிய திரை இன்னும் வரவில்லை. அதோடு, இதை முதலில் சொல்லலாம், இதை இப்போது சொல்லக்கூடாது என்று ஓர் ஆசிரியர் உட்கார்ந்து யோசித்த வரிசை நூலில் இருக்கிறது. ஆயிரம் பேர் தனித்தனியாகத் திருத்தும் விக்கியில் அந்த வரிசை இருக்க வாய்ப்பில்லை.

நிலைத்திருப்பதும் ஒரு காரணம். இணையத்தில் இருப்பது என்றும் இருக்கும் என்ற நம்பிக்கை அண்மை ஆண்டுகளில் பலமுறை உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் கேம் இன்ஃபார்மர் இதழ் மூடப்பட்டபோது அதன் இணையதளமும் உடனே அகற்றப்பட்டது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கட்டுரைகளுக்கான இணைப்புகள் ஒரே நாளில் வெறுமையாயின. அடுத்த ஆண்டு அது மீண்டு வந்தது, ஆனால் வராமலே போயிருக்கவும் கூடும். 2023 செப்டம்பரில் மைன்கிராஃப்ட் விக்கியை எழுதிவந்தவர்கள் ரசிகர் விக்கிகளுக்கு இடமளிக்கும் ஃபேண்டம் தளத்தை விட்டு வெளியேறித் தனித் தளம் அமைத்தார்கள். பழைய பக்கங்கள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. எது இப்போது பராமரிக்கப்படும் விக்கி, எது கைவிடப்பட்ட நகல் என்பது புதிதாகத் தேடுபவருக்குத் தெரியாது.

அப்படியானால் எதை வாங்கலாம்?

1. மாறி முடிந்த, தனியாக விளையாடும் பெரிய விளையாட்டு: வாங்கலாம். கூடுதல் உள்ளடக்கங்கள் வந்து முடிந்து, பேட்ச் வருவது நின்ற பிறகு வெளியான பதிப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

2. பருவந்தோறும் மாறும் இணைய விளையாட்டு: வாங்க வேண்டாம். சண்டை விளையாட்டுகளும் இதே வகைதான். ஒவ்வோர் அடியும் எத்தனை கணத்தில் விழும் என்ற எண்களே அவற்றின் வழிகாட்டிகளின் உயிர். ஒவ்வொரு சமநிலைப் பேட்சும் அந்த எண்களை மாற்றிவிடும்.

3. நேர்கோட்டில் செல்லும், பத்துப் பதினைந்து மணி நேரத்தில் முடியும் விளையாட்டு: நூல் தேவைப்படாது. எங்காவது ஒன்றிரண்டு இடங்களில் மாட்டிக்கொண்டால், ஒரு தேடலில் தீர்ந்துவிடும்.

4. பழைய கன்சோல் விளையாட்டுகள்: இங்குதான் நூலின் மதிப்பு மிகவும் அதிகம் என்று நான் கருதுகிறேன். பேட்ச் என்பதே இல்லாத காலத்து விளையாட்டுக்கு அன்று எழுதிய நூல், அன்றே இருந்த சில பிழைகளைத் தவிர, இன்றும் அட்டை முதல் அட்டை வரை செல்லும். மேலும், அந்த விளையாட்டுகளை வடிவமைத்தவர்கள், விளையாடுபவரின் மடியில் ஒரு நூலோ இதழோ இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் சில புதிர்களை வைத்தார்கள். நூலோடு விளையாடுவது குறுக்குவழி ஆகாது. அதுவே அன்றைய முறை.

5. குழந்தைகளுக்கு: மேலே சொன்ன விதி இங்கே தளர்கிறது. மைன்கிராஃப்ட் அடிக்கடி மாறும் விளையாட்டு. ஆனால் அதன் கையேடுகள் எண்களைக் காட்டிலும் கட்டும் கலையைக் கற்பிக்கின்றன. வீடு கட்டுவது எப்படி, விளையாட்டுக்குள் மின்சாரம் போலச் செயல்படும் ரெட்ஸ்டோன் கொண்டு கதவைத் தானாகத் திறக்கச் செய்வது எப்படி என்பவை எளிதில் பழையதாகிவிடுவதில்லை. காணொளித் தளத்தில் அலையவிடாமல், ஒரு குழந்தையைப் படிக்கவும் பார்த்துச் செய்யவும் வைக்கும் நூலுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் போலிகள். புகழ்பெற்ற விளையாட்டு எதுவும் வெளியான உடனே, அதன் பெயரில் மெலிந்த வழிகாட்டிகள் இணையக் கடைகளில் முளைக்கின்றன. ஆணை வந்த பிறகு ஒவ்வொரு படியாக அச்சிடப்படுபவை அவை. உள்ளே வரைபடம் இருக்காது, படங்கள் இருக்காது. எந்த விளையாட்டுக்கும் பொருந்தும் பொதுவான அறிவுரைகளும் இணையத்திலிருந்து எடுத்த பத்திகளும் மட்டுமே இருக்கும். இவற்றை அடையாளம் காண்பது கடினமில்லை. அட்டையில் விளையாட்டு நிறுவனத்தின் இலச்சினை இருக்காது. பதிப்பகத்தின் பெயர் இல்லாமலோ, கேள்விப்படாத ஒரு தனிநபர் பெயரிலோ வெளியாகியிருக்கும். நூறு பக்கத்துக்கும் குறைவாக இருக்கும். பரந்த உலகம் கொண்ட விளையாட்டுக்கு அந்த அளவில் வழிகாட்டி எழுத முடியாது. 2011இல் வந்த ஸ்கைரிம் வழிகாட்டி 600 பக்கங்களைத் தாண்டியது.

அடுத்து, தேதிகளை ஒப்பிடுங்கள். நூல் வெளியான மாதத்தையும் விளையாட்டின் கடைசிப் பெரிய பேட்ச் வந்த மாதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால், அந்தப் பேட்ச் எதை மாற்றியது என்று படியுங்கள். புதிய பகுதிகளைச் சேர்த்திருந்தால் நூல் முழுமை இழக்கும், ஆனால் பிழையாகாது. இருந்த அமைப்பை மாற்றியிருந்தால் நூல் பிழையாகிவிடும்.

சேகரிப்பாளர் பதிப்பு என்று கெட்டி அட்டையில் வருவதற்கும் சாதாரணப் பதிப்புக்கும் உள்ளடக்கத்தில் பெரும்பாலும் சிறு வேறுபாடுதான் இருக்கும். விளையாடுவதற்காக வாங்குபவருக்குச் சாதாரண அட்டை போதும். பழைய நூலாக வாங்கும்போது, உள்ளே வைத்துத் தரப்பட்ட மடிப்பு வரைபடம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். சில நூல்களில் மின்பதிப்பைத் திறப்பதற்கான குறியீடு இருக்கும். முதலில் வாங்கியவர் அதைப் பயன்படுத்தியிருப்பார் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வாங்குபவர்கள் எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் இந்தக் கனத்த நூல்களுக்கு, அனுப்பும் செலவே விலையைக் கணிசமாக உயர்த்திவிடும். அந்த மொத்தத் தொகைக்கு இன்னொரு விளையாட்டையே வாங்க முடியும் என்றால், விளையாட்டை வாங்கிவிட்டு விக்கியை வைத்துச் சமாளிப்பதே சரி.

பழைய வழிகாட்டிகள் வைத்திருப்பவர்களுக்கு

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று முறையாக விற்பனையில் கிடைப்பதில்லை என்று கண்டது. விளையாட்டே கிடைக்காதபோது, அது எப்படி இருந்தது, எந்தத் திரை எங்கே வந்தது என்பதற்குப் பல நேரங்களில் அன்றைய இதழ்களும் வழிகாட்டிகளும்தான் சான்றாக நிற்கின்றன. டெஸ்டினி 2இன் 2017 வழிகாட்டியை விளையாடுவதற்கு வாங்க வேண்டாம் என்று சொன்னேன். நீக்கப்பட்ட அந்த உலகின் பதிவு என்ற வகையில் பார்த்தால், அதே நூலுக்கு மதிப்பு வேறு. இத்தகைய நூல்களை எடைக்குப் போடுவதற்கு முன், அவற்றின் மின்நகல் ஏதேனும் காப்பகத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

எல்டன் ரிங் தொகுதிகளைப் பற்றி

இந்தக் கேள்வி அடிக்கடி எழுவது எல்டன் ரிங்கை முன்னிட்டு என்பதால், அதற்கு நேரடியாகவே விடை சொல்கிறேன். முதல் தொகுதி நிலப்பரப்பையும் வரைபடங்களையும் பாத்திரங்களின் கதைகளையும் சொல்வது. இரண்டாவது, எதிரிகளையும் ஆயுதங்களையும் எண்களையும் விவரிப்பது. நூல்கள் வந்த பிறகும் பேட்சுகள் தொடர்ந்தன. 2022 டிசம்பரில் வீரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் கொலோசியங்கள் சேர்க்கப்பட்டன, ஆயுதங்களின் சமநிலை பலமுறை மாறியது. மலைகளும் குகைகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதல் தொகுதியை வாங்குங்கள். ஆயுத எண்களுக்கு விக்கியைப் பாருங்கள். 2024இல் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ விரிவாக்கத்துக்கு மூன்றாம் தொகுதி தனியாக இருக்கிறது. அந்த விரிவாக்கத்தில் நிலம் அடுக்கடுக்காக, ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்திருப்பதால், விளையாட்டுக்குள் இருக்கும் தட்டையான வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்கச் சிரமப்படுபவர்கள் பலர். விரிவாக்கத்தை விளையாடப் போகிறவர்கள், இரண்டாம் தொகுதிக்கு முன் அதை வாங்கலாம்.